தவமணி அக்கா நிரவாமல் விட்ட மண்

தவமணி அக்கா இறந்துபோனதை நான் அறிந்ததே கனடாவில் இருந்து வந்த ஒரு போனால்தான். அவருடைய வீடு நெல்லியடியில் என் வீட்டில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. நான் சந்தைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றேன். போனில் ரமணன், அக்காவின் தமக்கையின் மகன். "அன்ரி, சின்னம்மா போன் எடுக்கிறா இல்லை. ஒருக்கால் எட்டிப் பாப்பியளோ?" என்றார். குரலில் பெரிய பதற்றம் இல்லை. நானும் பதறவில்லை. அக்கா வளவு கூட்டுகிற நேரத்தில் போன் உள்ளே கிடந்து அடிப்பது வழக்கம்தான். போய்ப் பார்த்தால், பின் வளவில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடியே தலை சாய்ந்திருந்தது. விளக்குமாறு மடிக்குக் குறுக்கே கிடந்தது. ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் நான், தொடாமலேயே தெரிந்தது. இருந்தாலும் நாடி பிடித்துப் பார்த்தேன். பிறகு ரமணனுக்கு நான்தான் திருப்பி எடுத்துச் சொன்னேன்.

இப்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார், செத்தவீட்டுக்கென்று வந்து நிற்கிற ரமணன். "சின்னம்மாவின்ரை சேவையைப் பற்றி எழுதுங்கோ அன்ரி. உடும்பு விஷயம் வேண்டாம். வாசிக்கிற ஆக்கள் சிரிப்பினம்" என்றார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சேவையை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கடைசி வருஷத்தை விட்டுவிட்டு அக்காவை எழுத எனக்குத் தெரியாது. அதோடு உங்களிடம் கேட்க எனக்கு ஒரு காரியமும் இருக்கிறது. முடிவில் சொல்கிறேன்; தயவுசெய்து அதுவரை வாசியுங்கள்.

அக்கா எங்கள் ஆஸ்பத்திரியில் மேற்றனாக, தலைமைத் தாதியாக இருந்தவர். அவருக்குக் கீழே வேலை செய்த மிஸ்ஸிமாருக்கு அவருடைய துப்புரவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவர் வாட்டுக்குள் வருகிறார் என்றால் நாங்கள் முதலில் கட்டில் விரிப்பைத்தான் இழுத்துச் சரிசெய்வோம். ஒருநாள் பெரிய டொக்டர் ஒருவர் மழைக்குள் நடந்த சப்பாத்தோடு ஏறி வந்துவிட்டார். அக்கா போய் நிலம் துடைக்கிற துணியைக் கொண்டுவந்து அவர் காலடியில் விரித்து, "டொக்டர், உதிலை ஒருக்கால் மிதிச்சிட்டுப் போங்கோ" என்றார். அவர் மிதித்துவிட்டுத்தான் போனார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தத் துப்புரவு முழுக்க வளவுக்கு வந்தது. காலையிலும் கூட்டுவார், பின்னேரமும் கூட்டுவார். ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் மண்ணில் நேராக விழுந்திருக்கும். அதை மிதிக்க எங்களுக்கே மனம் வராது. ஆனால் கிழக்கு மூலையில் ஒரு தேசிக்காய் மரம். அதற்குக் கீழே மட்டும் விளக்குமாறு போகாது. சருகு குவிந்து கிடக்கும். ஒருநாள் நான் கூட்டப் போனேன். "அதை விடு" என்றார். விட்டேன். அவர் சொன்னால் விடுகிறதுதான் எங்கள் பழக்கம்.

போன கார்த்திகை மழைக்குள்தான் உடும்பு வந்தது. இரண்டு ஆண்கள் அதைத் தடியில் வரிந்து கட்டித் தோளில் காவிக்கொண்டு ஒழுங்கையால் போயிருக்கிறார்கள். நாய் கடித்து முன்னங்கால் ஒன்று மணிக்கட்டோடு போயிருந்தது. கறிக்குத்தான் கொண்டுபோனார்கள், உடும்பு இறைச்சிக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும். அக்கா படலையைத் திறந்துகொண்டு போய்க் குறுக்கே நின்றார். "உது பிடிக்கிறது சட்டப்படி குற்றம். பொலிசுக்கு அடிக்கட்டோ, இல்லாட்டி உதிலை இறக்கி வைச்சிட்டுப் போறியளோ?" அவர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். "மேற்றன் தனியச் சமைச்சுத் தின்னப்போறா போலை" என்று ஒருவன் முணுமுணுத்தானாம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வனஜீவராசி அலுவலர்களுக்கு அவரே போன் எடுத்து அறிவித்தார். வந்து பார்த்தவர்கள், காயம் ஆறும் வரைக்கும் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா அதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. உவள் என்பார். "உவளுக்குத் தண்ணி வைச்சனியோ?" பெண் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உவ்வளவு பிடிவாதம் ஆம்பிளையளுக்கு வராதடி" என்றார்.

வெறுமையாகக் கிடந்த பழைய கோழிக்கூட்டை உரஞ்சிக் கழுவினார். சீமெந்து நிலத்துக்குக் கிருமிநாசினி தெளித்துப் பேப்பர் விரித்தார். சுத்தமான வாட்டு ஆக்கிவிட்டார். கால் ஆறியது. ஆனால் உவள் பகல் முழுக்க மூலையில் நின்று சீமெந்தைப் பிறாண்டினாள். மிஞ்சியிருந்த ஒற்றைக் கையின் நகங்கள் தேய்ந்து இரத்தம் கசிந்தது. அக்கா மருந்து கட்டுவார். உவள் கட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பிறாண்டுவாள். கடைசியில் மிருக வைத்தியரைக் கூப்பிட்டோம். சின்ன வயதுப் பெண், நல்ல அமைதியான பிள்ளை. "மிஸ்ஸி, உது நிலத்தைக் கிண்டிச் சீவிக்கிற சாதி. வெக்கைக்கும் மண்ணுக்கைதான் போகும், பயத்துக்கும் மண்ணுக்கைதான் போகும். சீமெந்திலை விட்டால் எங்கை போறது? மண் குடுங்கோ" என்றார்.

கூட்டின் பாதிச் சீமெந்தை அலவாங்கால் உடைத்து வளவு மண்ணைப் போட்டோம். உவள் அன்றைக்கே கிண்டத் தொடங்கினாள். பின்னேரம் அக்கா ஒரு பலகைத் துண்டோடு உள்ளே போய் உவள் கிண்டின கிடங்கை மூடி, தட்டி, நிரவி வைத்தார். அடுத்தநாள் உவள் திரும்பக் கிண்டினாள். அக்கா திரும்ப நிரவினார். மார்கழி முழுக்க இதுதான் கதை. பொங்கலுக்கு நான் போனபோதும் பலகையோடுதான் நின்றார். "அக்கா, உடும்புக்கும் உங்கடை வாட்டு ஒழுங்கோ?" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. துப்புரவு முற்றிப்போய்விட்டது என்று ஒழுங்கையில் எல்லாரும் கதைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தை முடியும்போது உவள் சாப்பாட்டை விட்டாள். அவித்த கோழிமுட்டை என்றால் பாய்ந்து வருகிறவள், திரும்பியும் பார்க்கவில்லை. வயிறு மட்டும் பருத்துக்கொண்டு வந்தது. வைத்தியர் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். "நோய் வருத்தம் ஒண்டும் இல்லை மிஸ்ஸி. முட்டை. பிடிபடமுன்னமே வயித்திலை தாங்கினது. வைக்க இடம் தேடித்தான் உவ்வளவு நாளும் கிண்டியிருக்குது. இடம் சரிவரேல்லை எண்டால் வயித்துக்கை வைச்சுக்கொண்டே செத்துப்போம்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. என்ன இடம் வேண்டும் என்று கேட்டார். வைத்தியர் வளவு மண்ணை ஒரு பிடி அள்ளினார். அது விரலிடுக்கால் ஓடியது. "உது வெறும் மணல், வளை நிக்காது. தனிச் செம்மண் எண்டாலும் சரிவராது; காய்ஞ்சால் கல்லாப் போம், ஒற்றைக் கையாலை உவளாலை ஏலாது. கிண்ட இளகவும் வேணும், கிண்டினது நிக்கவும் வேணும். இடுப்பளவுக்கு ஆழமும் வேணும்." மற்றதெல்லாம் அக்காவின் காதில் விழுந்ததோ தெரியாது. "நிக்கும் எண்டு எப்பிடித் தெரியும் டொக்டர்?" என்று கேட்டார். பிறகும் அதையே கேட்டார். அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னது: நனைத்துப் பிசைந்து பிடியுங்கள், கையை விரித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் குத்தினால் உதிர வேண்டும்.

அதோடு அக்கா திருப்திப்படவில்லை. ஒரு வாளியில் மண்ணைப் போட்டு, நீர் தெளித்து, இறுக்கி, அதற்குள் தன் கையை முழங்கைவரை செலுத்தி எடுப்பார். கை போன துவாரம் அடுத்தநாள் காலையிலும் நிற்கிறதா என்று பார்ப்பார். மணற்காட்டு மணல், கை எடுத்த உடனேயே விழுந்தது. வலிகாமத்துச் செம்மண் எடுப்பித்தோம். துவாரம் நின்றது, ஆனால் காய்ந்த பிறகு கரண்டியால்கூடத் தோண்ட முடியவில்லை. இரண்டையும் கலந்தால் வெடித்து உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் மண் சரிவதைப் பார்க்கும்போது அக்கா கண்ணை மூடிக்கொள்வார். உவள் கூட்டுக்குள் படுத்தபடி எங்களைப் பார்ப்பாள். நாள் போய்க்கொண்டிருந்தது.

கறையான் புற்று மண்ணைச் சேர்த்துப் பாருங்கள் என்று வைத்தியர்தான் போனில் சொன்னார். காட்டில் உடும்பு புற்றுக்குள்தான் முட்டை வைக்குமாம். அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பால் ஊற்றிக் கும்பிடுகிற புற்றை வெட்டுவதாவது! கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எடி ஜொசி, நீ வேதக்காரி. உன்னை நாகதம்பிரான் ஒண்டும் கேக்கமாட்டார்." நான் குருநகரில் பிறந்தவள். எத்தனை பெரிய மீனையும் பிடித்து வெட்டுவேன், பாம்பென்றால் உயிர் போய்விடும். "நான் வேதக்காரி எண்டு அவருக்குத் தெரியுமோ அக்கா?" என்றேன். "கழுத்திலை சிலுவை தொங்குது தானே, பாப்பார்" என்றார்.

சாக்கையும் மண்வெட்டியையும் கொண்டு பனங்காணிப் பக்கம் போனேன். மழைக்குச் சரிந்து கிடந்த பழைய புற்று ஒன்று இருந்தது. வரம்பால் வந்த கமக்காரர் ஒருவர் நின்று, "பிள்ளை, உது கிண்டக்கூடாத இடம்" என்றார். "நான் வேதம் அண்ணை" என்றேன். அவர் என் சிலுவையைப் பார்த்தார். "அப்ப சரி. விழுந்து கிடக்கிறதிலை மட்டும் எடுங்கோ" என்றுவிட்டுப் போனார். மாதாவை மன்றாடிக்கொண்டே சாக்கை நிரப்பினேன்.

செம்மண், மணல், புற்று மண், உக்கின இலைத்தூள். அந்தக் கலவையில் துவாரம் நின்றது. காலையில் அக்கா அதற்குள் கையை விட்டுக் கனநேரம் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு துணுக்கும் விழவில்லை. அன்றைக்கே ஆள் பிடித்துக் கூட்டுக்குள் இடுப்பளவுக்குக் கிடங்கு வெட்டினோம். வெட்டி முடியும்வரை அக்கா வெளியே வரவில்லை. குசினிக்குள் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு நின்றார். வேலை செய்கிறவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கக்கூட வரவில்லையே என்று எனக்குக் கோபம். கலவையைக் கொட்டி இறுக்கியதும் உவள் மோந்து பார்த்தாள். பிறகு கிண்டத் தொடங்கினாள். ஒற்றைக் கையால் இழுத்து, மூக்கால் தள்ளி, பின்னங்காலால் உதைத்து, அரை உடம்பு உள்ளே போய்விட்டது.

பின்னேரம் உவள் வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது, அக்கா பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மேற்றன் என்றும் பார்க்காமல் கையைப் பிடித்தேன். "இண்டைக்கும் மூடினியள் எண்டால் அது செத்துப்போம் அக்கா. விசரோ உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் திரும்பித் தேசிக்காய் மரத்தடியைப் பார்த்தார்.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்ததும் யுத்தத்தில் இறந்ததும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஷெல்லில் போனான் என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம்.

"ஷெல் விழவே இல்லை ஜொசி" என்றார். "மழை. உந்தத் தேசிக்காய் மரத்துக்குக் கீழை பங்கர் வெட்டினது நானும் அவனும். மேலை பனங்குத்தி போட்டு, மண்மூட்டை அடுக்கி வடிவாத்தான் செய்தனாங்கள். சுவருக்கு முட்டு ஒண்டும் குடுக்கேல்லை. மண் நிக்கும் எண்டு நினைச்சம். மழை விட்டாப்போலை, உள்ளுக்கை நிண்ட தண்ணியை அள்ளப் போறன் எண்டு வாளியோடை இறங்கினவன். நான் குசினியிலை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டன். ஒரு சத்தமும் கேக்கேல்லை. வந்து பாக்க மட்டமாக் கிடந்தது."

கையில் இருந்த பலகையைப் பார்த்தார். "கையாலைதான் கிண்டினன். எடுக்கேக்கை உடம்பு சூடாத்தான் இருந்தது. உவள் மண்ணுக்கை தலையைக் குடுக்கேக்கை எனக்கு மூச்சு அடைக்குது. அதுதான் மூடுறன்."

இத்தனை வருஷம் ஒரே வாட்டில் ஒரே கோப்பையில் சோறு தின்றிருக்கிறோம். ஒருநாளும் வாய் திறக்கவில்லை இந்த மனுஷி. பலகையை அவர் கையில் இருந்து மெல்ல வாங்கினேன். தந்தார். அன்றைக்கு அந்தக் கிடங்கு மூடப்படவில்லை.

அடுத்தநாள் வெயில் ஏறும்போது உவள் முழுக்க உள்ளே போனாள். வால் நுனியும் மறைந்தது. கொஞ்ச நேரம் மண் வெளியே வந்து விழுந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஒரு அசைவும் இல்லை. அக்கா கதிரையைக் கூட்டுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். "வெளியிலை வந்திடும் தானே?" என்று கேட்டார். "வரும் அக்கா, வரும்" என்றேன். மத்தியானச் சோறு அடுப்பிலேயே ஆறிக் கிடந்தது. "வெளியிலை வந்திடும் தானே ஜொசி?" வைத்தியருக்குப் போன் எடுத்தேன், அப்படித்தான் இருக்கும், தொடவேண்டாம் என்றார். அக்காவின் கை என் கையைப் பிடித்திருந்தது. குளிர்ந்துபோய் இருந்தது. பிரசவ வாட்டில் எத்தனையோ தாய்மாரின் கையைப் பிடித்துப் பதறாமல் நின்றவர்.

வெயில் சாயத் தொடங்கும்போது மண் அசைந்தது. முதலில் மூக்கு வந்தது, பிறகு மண் அப்பின தலை, பிறகு அந்த ஒற்றைக் கை. வயிறு சப்பையாகிப் போயிருந்தது. "வந்திட்டாள்" என்றார் அக்கா. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். உவள் எங்களைக் கவனிக்காமல் திரும்பி நின்று, மண்ணை இழுத்துத் துவாரத்தை மூடி, மூக்கால் தட்டித் தட்டி இறுக்கினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "பார் ஜொசி. வெளியிலை வந்து நிண்டு மூடுறாள்" என்றார்.

அதற்குப் பிறகு தேசிக்காய் மரத்தடிச் சருகை அக்கா கூட்டினார் என்று எழுத எனக்கு ஆசைதான். கூட்டவில்லை. சாகும்வரை கூட்டவில்லை. ஆனால் பலகையைத் திரும்ப எடுக்கவும் இல்லை. முட்டை கிடந்த இடத்தைச் சுற்றிச் செங்கல் வைத்தார். முட்டையை இடம் மாற்றக் கூடாது, பிரட்டினாலே பழுதாகிவிடும், குஞ்சு வர மாதக் கணக்காகும், முதல் மழைக்கு மண் இளகும்போது வரலாம், வராமலும் போகலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பங்குனி, சித்திரை வெக்கைக்குள் கையால் நீர் தெளிப்பார். பின்னேரம் கூட்டி முடித்துவிட்டு அந்தக் கதிரையில் இருந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐப்பசி மழையைப் பற்றித்தான் கதை. ஆவணியில் போய்விட்டார்.

செத்தவீட்டன்று, கோழிக்கூட்டைப் பிடுங்கிவிட்டால் கதிரை போட இடம் காணும் என்று சில ஆண்கள் வந்தார்கள். நான் போய் அதற்கு முன்னால் இருந்துவிட்டேன். பெண்கள் உள்ளே பிரேதத்தைச் சுற்றி அழுகிறார்கள். நான் பின் வளவில் கோழிக்கூட்டுக்குக் காவல். துக்கத்தில் மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு அலுவலர்கள் வந்து உவளைக் கொண்டுபோனார்கள். ஒற்றைக் கையோடு காட்டில் விட முடியாது, பராமரிக்கிற இடத்தில் வைப்போம் என்றார்கள். கிண்ட மண் இருக்குமோ என்று கேட்டேன். இருக்கும் என்றார்கள். நம்பித்தான் அனுப்பினேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். ரமணன் திரும்பிக் கனடா போகுமுன் வளவு முழுக்க இன்ரலொக் கல் பதிக்கப்போகிறார். கூட்டையும் உடைக்கப்போகிறார். அவர் கெட்ட பிள்ளை இல்லை. வீட்டில் இனி ஆளில்லை, சின்னம்மா துப்புரவாக வைத்திருந்த வளவு பற்றைக்காடாகிவிடக் கூடாது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். அந்தியேட்டிச் சமையலுக்குப் பின் வளவில் மூட்ட இருந்த அடுப்பைச் சண்டை பிடித்து முன்பக்கம் மாற்றுவித்துவிட்டேன். கல்லை நிற்பாட்ட என்னால் முடியவில்லை. "ஐப்பசி மழை மட்டும் பொறுங்கோ தம்பி" என்றேன். "பாப்பம் அன்ரி" என்றார். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் அந்த வளவில்தான் இருப்பீர்கள். பின்னால் செங்கல் எல்லை கட்டின இடத்துக்குள் கால் வைக்காதீர்கள். துப்புரவாக்குகிறோம் என்று யாரும் அதை நிரவ வேண்டாம். ரமணனிடம் நீங்களும் ஒரு சொல் சொல்லுங்கள். என் ஒருத்தியின் சொல் காணாது. ரமணன் தம்பி, அச்சுக்குக் கொடுக்க முன்னம் இதை நீங்கள் வாசிப்பீர்கள். ஒரு பாய் விரிக்கிற அளவு மண்தான். ஒரு மழைதான்.

அக்காவின் நினைவாக அவருடைய தையல் மெசினை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் இருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். பின்னேரத்தில் அந்தக் கதிரையில் போய் இருந்து மண்ணைப் பார்க்கும்போது அது தானாக வாயில் வருகிறது. வெளியிலை வந்திடும் தானே? அவர் கேட்டபோது, வரும் அக்கா, வரும் என்று சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். இப்போது கேட்கிறது நான். பக்கத்தில் ஒருவரும் இல்லை.